மஞ்சள் விளக்கின் சாட்சியம்

பழைய கார் வாங்க விரும்புகிறவர் புரோக்கர் ஒருவரைப் பிடித்து, அவரோடு ஷெட் ஷெட்டாக அலைந்து, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தெரிந்த மெக்கானிக்கின் தலையசைப்புக்காகக் காத்து நின்ற காலம் மெல்ல மறைந்து, கைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தே முன்பணம் கட்டிவிடும் காலம் வந்திருக்கிறது. இதை நான் குறைகூற வரவில்லை. திருநெல்வேலியில் இருப்பவர் கோயம்புத்தூரில் நிற்கும் வண்டியைப் பார்ப்பதற்கும், ஒரே மாடலுக்குப் பலர் கேட்கும் விலையை ஒப்பிடுவதற்கும் இது பெரிய சௌகரியம். ஆனால் அந்தப் படங்களுள் ஒன்றில், கிலோமீட்டர் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்த டாஷ்போர்டுப் படத்தில், என்ஜின் வடிவம் கொண்ட சிறிய மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்பதில் நம்மவரிடையே இரண்டே அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ‘அது சும்மா சென்சார் பிராப்ளம் சார்’ என்று விற்பவர் சொல்வதை நம்பிவிடுவது ஒன்று. அந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுக்காமல் ஓடிவிடுவது மற்றொன்று. இரண்டும் பிழை என்பதும், எரிகிற விளக்கைக் காட்டிலும் அணைத்து வைக்கப்பட்ட விளக்கே வாங்குகிறவருக்குப் பெரிய அபாயம் என்பதும், இந்தத் தொல்லையை வாங்குகிறவரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடாமல் சட்டத்தின் வழியாகவே தீர்க்க வேண்டும் என்பதும் என் கட்சி.

முதலில் அந்தப் படத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். சாவியைத் திருப்பி, என்ஜினைக் கிளப்பாமல் நிறுத்தினால், ஆயில், பேட்டரி, ஏர்பேக், ஏ.பி.எஸ்., என்ஜின் ஆகிய விளக்குகள் எரிவது இயல்பு. விளக்குகள் பழுதாகாமல் இருக்கின்றன என்பதை வண்டி தானே காட்டிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆகவே படத்தில் ஆர்.பி.எம். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தால் மஞ்சள் விளக்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. முள் 800, 900-இல் நின்றும் விளக்கு எரிகிறதென்றால்தான் விஷயம் இருக்கிறது. நேரில் போகும்போது இதற்கு நேர்மாறான சோதனை ஒன்று உண்டு: சாவியைத் திருப்பிய அந்தக் கணத்தில் விளக்கு எரியவே இல்லையென்றால், அதை எரிய விடாமல் யாரோ செய்திருக்கக்கூடும் என்று சந்தேகிக்கலாம். பல்பைப் பிடுங்கி வைப்பதும், கறுப்பு டேப் ஒட்டி மறைப்பதும் பாமர யுக்திகள். ஏர்பேக் விளக்கை ஆயில் விளக்கின் ஒயரோடு கோத்து, அதோடு கூடவே எரிந்து கூடவே அணையும்படி செய்துவிடுகிற கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

இந்த என்ஜின் விளக்கு காற்றின் மாசைக் குறைக்கும் நோக்கத்தோடு பிறந்தது என்பதைப் பலர் அறியார். அமெரிக்காவில் 1996-ஆம் வருஷத்து மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் ஓ.பி.டி.-2 என்ற முறை கட்டாயமாயிற்று. நம் நாட்டில் அதன் ஆரம்ப வடிவம் பாரத் ஸ்டேஜ்-4 வண்டிகளோடு 2010-இலும், விரிவான வடிவம் 2013-இலும் வந்தன. புகையின் தரத்தைக் கெடுக்கக்கூடிய கோளாறு எதையேனும் கண்டால் என்ஜினின் கம்ப்யூட்டர் அதற்குரிய குறியெண்ணைத் தன் நினைவில் பதித்துக்கொண்டு விளக்கை ஏற்றுகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுகிறவரின் முழங்காலருகே ஒளிந்திருக்கும் 16 முனைச் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் அந்த எண் வெளியே வந்துவிடும். பி0300 என்று வந்தால் சிலிண்டர்களில் பெட்ரோல் சரிவர எரியவில்லை என்று பொருள். பிளக்கையோ காயிலையோ மாற்றிச் சில ஆயிரங்களோடு தப்பிக்கலாம், வால்வில் கோளாறென்றால் என்ஜினையே பிரிக்க நேரலாம். பி0420 என்று வந்தால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் தன் சக்தியை இழந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற அபூர்வ உலோகங்கள் அதற்குள் பூசப்படுவதால், புதிதாக ஒன்று மாட்டும் செலவு பழைய காரின் விலையில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். எலி கடித்த ஒயர் ஒன்றினாலும் இதே விளக்குத்தான் எரியும். விளக்கைப் பார்த்து மட்டும் இவற்றுள் எது என்று மெக்கானிக்காலேயே சொல்ல முடியாதபோது, ‘சென்சார்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறவரின் ஞானதிருஷ்டி எனக்கு வியப்பளிக்கிறது. விளக்கு சிமிட்டுமானால் அந்த வண்டியை ஓட்டிப் பார்ப்பதே கூடாது: எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் புகுந்து அதைச் சுட்டுப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. (சிக்னலில் மஞ்சளைக் கண்டால் வேகத்தைக் கூட்டுவதே வழக்கமாகிவிட்ட ஊரில், மஞ்சள் என்பது எச்சரிக்கை என்பதை நினைவூட்டுவதற்கே ஒரு தனிக் கட்டுரை வேண்டும்.)

இத்தனை சங்கதிகளைச் சொல்லக்கூடிய விளக்கை அணைப்பது மிகச் சுலபம். ஸ்கேனரில் ஒரு பொத்தானை அழுத்தினால், சில வண்டிகளில் பேட்டரி இணைப்பைச் சிறிது நேரம் கழற்றி வைத்தாலே, குறியெண் அழிந்துவிடும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். அது மறுபடி விளக்காக வெளிப்பட, கம்ப்யூட்டர் தன் சுயசோதனைகளைப் புதிதாக நடத்தி முடிக்க வேண்டும். கன்வெர்ட்டர் போன்றவற்றின் சோதனை முடியச் சீரான வேகத்தில் நெடுஞ்சாலை ஓட்டமும், சில சமயம் நாட்கணக்கான அவகாசமும் தேவைப்படும். தோஷமுள்ள ஜாதகத்தைத் திருத்தி எழுதி முகூர்த்தம் வரைக்கும் காலத்தைக் கடத்துகிற காரியம் போன்றது இது. பணம் கைமாறி, படிவம் 29-லும் 30-லும் கையெழுத்து விழும் வரை விளக்கு வாய் திறக்காதிருந்தால் விற்பவருக்குப் போதும். ஆனால் அழித்த செய்தியையும் அந்தக் கம்ப்யூட்டர் மறப்பதில்லை. எந்தச் சுயசோதனை இன்னும் முடியவில்லை என்பதையும், பெரும்பாலான வண்டிகளில் குறியெண்களை அழித்த பின் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும், ஒரு தடவை டேங்க்கை நிரப்பும் செலவைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஸ்கேனரே காட்டிவிடும். ‘சிங்கிள் ஓனர், சர்வீஸ் பக்கா’ என்று புகழப்படும் வண்டியில் அந்தத் தூரம் 14 கிலோமீட்டர் என்று வருமானால், நேற்று அது எந்த ஷெட்டில் நின்றது என்று விசாரிக்கலாம். புது பேட்டரி மாட்டினோம் என்று பதில் வந்தால், பில்லைக் கேட்கலாம்.

சென்னை வண்டிகளைப் பொறுத்தவரை இந்த விசாரணை இன்னும் அவசியம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தெருவில் மூழ்கி நின்ற கார்கள் ஏராளம். இருக்கைகள் உலர்ந்து, கம்பளம் மாற்றி, வாசனைத் திரவியமும் தெளித்த பிறகும், கனெக்டர்களுக்குள் பிடித்த களிம்பு மாதக்கணக்கில் தன் வேலையைச் செய்து ஏர்பேக் விளக்கையோ ஏ.பி.எஸ். விளக்கையோ ஏற்றும். அந்த விளக்குகளை அணைத்து விற்பது பணத்தைப் பறிப்பதோடு நின்றுவிடாது. விபத்தில் ஏர்பேக் விரியாமல் போனால் அது உயிரைப் பற்றிய விவகாரம்.

பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டு 1970-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் எழுதிய கட்டுரையை அற்ப விஷயமென்று சில சஞ்சிகைகள் திருப்பி அனுப்பின. 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்ததற்கு அந்தக் கட்டுரையே முக்கிய காரணமாயிற்று. வண்டியின் குணதோஷம் விற்பவருக்குத் தெரிந்தும் வாங்குகிறவருக்குத் தெரியாமலும் இருக்கிற சந்தையில், வாங்குகிறவர் எல்லா வண்டிகளுக்கும் சராசரி விலையே கொடுக்கத் துணிவார் என்பதும், நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகிக்கொள்ள, மோசமானவையே சந்தையில் மிஞ்சும் என்பதும் அவர் வாதத்தின் சாரம். விளக்கு எரிவதை ஒளிக்காமல் படத்தில் போடுகிறவரை எண்ணிப் பாருங்கள்: அவர் விளம்பரத்தைத் தாண்டிப் போகிறவர்கள், பொத்தானை அழுத்தி அணைத்தவரின் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். யோக்கியனுக்கு நஷ்டமும் கிருத்திரிமனுக்கு லாபமும் தருகிற இந்த ஏற்பாட்டை உபதேசத்தால் திருத்த முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? வாங்குகிறவரே ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்ற ஆங்கிலேயக் கோட்பாட்டை 1930-ஆம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டம் சில விலக்குகளோடு நமக்கு விட்டுச் சென்றது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2020-இன் மின்வணிக விதிகளும் வியாபாரிகளைக் கட்டுப்படுத்துகின்றன. தம் சொந்தக் காரை ஒரே ஒரு தடவை விற்கும் தனிமனிதரை அந்த மின்வணிக விதிகள் தீண்டுவதில்லை. பழைய வண்டி வியாபாரிகள் வட்டாரப் போக்குவரத்து அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்று, கைவசமுள்ள வண்டிகளின் ஓட்டத்துக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அந்த விதியோடு இன்னும் ஒரு வரி சேர்ப்பதே நான் வேண்டுவது: விற்பனைக்கு வைக்கும் ஒவ்வொரு வண்டியின் விளம்பரத்திலும், குறியெண்களையும், முடியாத சுயசோதனைகளையும், அழித்த பின் ஓடிய தூரத்தையும் காட்டும் தேதியிட்ட ஸ்கேன் அறிக்கை இடம்பெற வேண்டும். பிரிட்டனில் 2018 மே முதல் இந்த விளக்கு எரியும் பெரும்பாலான கார்கள் வருடாந்தரச் சோதனையில் தேறுவதில்லை. கலிபோர்னியாவிலோ சுயசோதனைகள் முடியாமல் வந்தாலே பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், ஆகவே அங்கே முதல் நாள் இரவு பொத்தானை அழுத்திப் பிரயோஜனமில்லை. நாமோ புகைக்குழாயில் குழலைச் செருகிச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்.

வியாபாரிகள் இதைச் சுமையென்று ஆட்சேபிப்பார்கள். நூற்றுக்கணக்கான அம்சங்களைச் சோதித்த வண்டி என்று பக்கம் பக்கமாக விளம்பரம் செய்கிறவர்களுக்குப் பத்து நிமிஷ ஸ்கேன் எப்படிச் சுமையாகும் என்பது எனக்கு விளங்கவில்லை. தனிமனிதர் விற்கும் வண்டிக்கு இந்த விதி எட்டாது என்பது உண்மை. அங்கே ஒப்பந்தமே துணை. விளக்கு எரியும் வண்டி மற்றபடி மனத்துக்குப் பிடித்திருந்தால் வாங்கலாம், தவறில்லை. ஆனால் குறியெண்ணை எடுத்து, வாங்குகிறவர் தேர்ந்த ஒர்க்‌ஷாப்பில் பழுதுபார்த்து, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, சுயசோதனைகள் எல்லாம் முடிந்தன என்று மறுபடி ஸ்கேனில் கண்ட பிறகே மிச்சப் பணம் என்று காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கோளாறு சொற்பம் என்று சத்தியம் செய்கிற விற்பனையாளர் இதற்கு இணங்காவிட்டால், அவரே அதைச் சரிசெய்துகொண்டு முழு விலை கேட்டு விளம்பரத்தைப் புதுப்பிக்கட்டும்.