சங்கீத மேடை: எழுதாமல் விட்ட இடம்

மேனாட்டுச் சங்கீதம் என்றால் ஏட்டில் உள்ளதை அப்படியே வாசிப்பதுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மோஸார்ட்டின் காலத்தில் அப்படியன்று. பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் கான்செர்டோவில், முதற்பகுதி முடியும் தறுவாயில் குழு நின்றுவிடும். பியானோ வித்வான் தனியே தம் மனோதர்மப்படி வாசிப்பார். இதற்குக் ‘காடென்ஸா’ என்று பெயர். இரு ஸ்வரங்களை விரைந்து மாறிமாறி அசைத்து அவர் முடித்ததும் குழு மீண்டும் சேர்ந்துகொள்ளும். கற்பனை ஸ்வரம் கேட்டுப் பழகிய அன்பர்களுக்கு இதன் சுவையை விளக்க வேண்டுவதில்லை.

1785ஆம் ஆண்டு வியன்னாவில் மோஸார்ட் தம் டி மைனர் கான்செர்டோவை அரங்கேற்றினார். அன்றும் ஏடு படியெடுத்து முடிந்தபாடில்லை. இறுதிப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பார்க்கவும் அவருக்கு அவகாசமில்லை என்று தந்தை லியோபோல்ட் தம் மகளுக்கு எழுதியிருக்கிறார். அதற்கு மோஸார்ட் வாசித்த காடென்ஸா நமக்குக் கிட்டவில்லை. பிற்பாடு பீத்தோவன் எழுதியதையே இன்று பலரும் மனப்பாடமாக வாசிக்கிறார்கள். அழகானதுதான், ஆயினும் மோஸார்ட்டின் இல்லத்தில் பீத்தோவனின் குரலன்றோ கேட்கிறது!

அந்தப் பீத்தோவனே, 1809இல் இயற்றிய தம் ஐந்தாம் கான்செர்டோவில், காடென்ஸா கூடாதென்று குறித்து, அவ்விடத்திற்கு வேண்டியதைத் தாமே எழுதிவைத்துவிட்டார். செவி மங்கிய அவர் அதைப் பொதுமேடையில் வாசிக்கவேயில்லை. 1811இல் லைப்ஸிக்கில் வாசித்தவர் வேறொருவர். பிறர் கற்பனைக்கு விட மனம் வரவில்லை போலும். 1845இல் முடித்த தம் பியானோ கான்செர்டோவில் ஷூமனும் காடென்ஸாவை எழுதியே கொடுத்தார்.

அமெரிக்க வித்வான் ராபர்ட் லெவின் மோஸார்ட்டின் காடென்ஸாக்களை மேடையிலேயே புதிதாகக் கற்பித்து வாசிப்பவர். பியானோ பயிலும் குழந்தைகள் வீட்டிலிருந்தால், அவருடைய இசைப்பதிவு ஒன்றைக் கேட்கச் செய்யுங்கள்.