பரணில் தூக்கு, கவரில் சாம்பார்

பெற்றோர்களே, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

காலை ஏழரை மணி, மயிலாப்பூர். ஸ்கூல் வேனுக்கு நேரமாகிவிட்டது என்று ஓட்டலிலிருந்து ஒரு அப்பா ஓடி வருகிறார். விரலில் தொங்கும் பிளாஸ்டிக் கவரில் ஆவி பறக்கும் சாம்பார். அவர் வீட்டுப் பரணிலோ, சீரில் வந்த எவர்சில்வர் தூக்கு பழைய பேப்பர் சுற்றித் தூங்குகிறது. அந்த அப்பா நான்தான். நீங்களும்தான்.

அடையாறு பெற்றோர் இன்னும் ஒரு படி மேல். ஞாயிறு காலை எலியட்ஸ் கடற்கரையில் பிள்ளைகளைக் குப்பை பொறுக்க வைத்துப் படம் எடுக்கிறார்கள். முடிந்ததும் பேப்பர் கப்பில் டீ!

அந்தக் கப்பின் உள்ளே பூசியிருப்பதும் பிளாஸ்டிக்தான். 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் அதில் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் கலக்கின்றன என்று 2020-இல் கரக்பூர் ஐ.ஐ.டி. சொன்னது. அதே ஆண்டு டப்ளின் டிரினிட்டி கல்லூரி பால்புட்டிகளைச் சோதித்தது. சிலவற்றில் லிட்டருக்கு 1.6 கோடி துகள்கள் வரை!

உள்ளே போய் என்ன செய்யும்? 2016-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், கடல் சிப்பிகளை இரண்டு மாதம் துகள் கலந்த நீரில் வளர்த்தார்கள். கருமுட்டைகள் 38 சதவீதம் குறைந்தன. விந்தணுக்களின் வேகம் 23 சதவீதம் தளர்ந்தது. 2024-இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகம் 47 நாய்கள், 23 ஆண்களின் விந்தகங்களை ஆராய்ந்தது. துகள் இல்லாதது ஒன்றுகூட இல்லை. பி.வி.சி. வகை பிளாஸ்டிக் அதிகமிருந்த நாய்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைவு.

சிப்பிக்கு நேர்ந்தது பிள்ளைக்கும் நேரும் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. சொல்லும்வரை காத்திருப்பீர்களா? பெண் குழந்தை தன் ஆயுளுக்கான கருமுட்டைகளோடு பிறக்கிறாள். குறைந்தால் கடையில் வாங்கி நிரப்ப முடியாது. நாளைக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கப்போகிறவர்கள் இன்றைக்கு இதைப் பார்க்க வேண்டாமா?

கவரையும் பூச்சுக் கப்பையும் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதலே தடை செய்திருக்கிறது. கடைக்காரர் கொடுக்கிறார் என்றால், நாம் வெறுங்கையோடு போய் நிற்கிறோம் என்று அர்த்தம்.

தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவில் மூன்று மணி நேரம் இடிபடும் கால்கள்தானே இவை? பரண் ஏற ஒரு ஸ்டூல் போதும். இன்று மாலையே அந்தத் தூக்கை இறக்குங்கள். புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்.