கோட்ஸிலாவை ரோட்டுக்குப் பழக்குவது எப்படி?

1989-ல் ஜப்பானின் நிஸான் நிறுவனம் ஒரு காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர், ஸ்கைலைன் ஜி.டி.ஆர். அந்தத் தலைமுறைக்கு ஆர்32 என்று அடையாளம். ஆஸ்திரேலியாவில் ஒரு கார் பத்திரிகை அதற்கு ‘கோட்ஸிலா’ என்று பட்டப்பெயர் வைத்தது. ஜப்பான் சினிமாவில் ஊரையே துவம்சம் செய்யும் ராட்சத மிருகத்தின் பெயர்!

பட்டப்பெயருக்கு ஏற்ற மாதிரிதான் கார் நடந்துகொண்டது. 1990 முதல் 1993 வரை ஜப்பான் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் 29 பந்தயங்கள். 29-லும் ஜி.டி.ஆர்-தான் முதலிடம். 1991, 1992 என அடுத்தடுத்து இரண்டு வருடங்கள் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பாதர்ஸ்ட் பந்தயத்தையும் வென்றது.

அந்த காருக்குள் இருந்த இன்ஜின், ஆர்.பி.26 டி.இ.டி.டி. வாய்க்குள் நுழையாத பெயர்தான். ஆனால், பிரித்துப் பார்த்தால் சுலபம். ஆர்.பி. என்பது இன்ஜின் குடும்பம். 26 என்றால் 2.6 லிட்டர். டி என்றால் இரட்டை கேம் ஷாஃப்ட், இ என்றால் எலெக்ட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், கடைசி இரண்டு டி-க்களும் இரட்டை டர்போ. வரிசையாக ஆறு சிலிண்டர்கள். 2002-ல் ஆர்34 ஜி.டி.ஆர் நிறுத்தப்பட்டபோது, இந்த இன்ஜின் பூட்டிய புது கார்கள் வருவதும் நின்றுபோனது.

ஆக, இன்று ரோட்டில் இருக்கும் இந்த இன்ஜின்களில் இளையதற்கே 20 வயது தாண்டிவிட்டது. மூத்தவற்றுக்கு 35-ம் தாண்டிவிட்டது. வயதானால் மனிதருக்கு மூட்டு தேய்வதுபோல இன்ஜினுக்கு பேரிங் தேயும். எனவே, ஒருநாள் அதை இறக்கிப் பிரித்து, முழு இன்ஜின் வேலை பார்த்தே ஆக வேண்டும். அப்போது காரின் உரிமையாளர் மனதில் முதலில் எழும் கேள்வி, ‘எத்தனை குதிரைத்திறன் ஏத்தலாம்?’

நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அவர் திருப்பிக் கேட்பது வேறு: ‘வண்டியை எங்கே ஓட்டப்போறீங்க?’

ஒளித்துவைத்த பலம்

ஆசைக்குக் காரணம் இருக்கிறது. இந்த இன்ஜின் பந்தயத்துக்காகப் பிறந்தது. அந்தக் காலத்து ‘குரூப் ஏ’ பந்தய விதிப்படி, டர்போ இருந்தால் இன்ஜினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கித்தான் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள். ஆர்.பி.26-ன் கொள்ளளவு 2,568 சி.சி. 1.7-ஆல் பெருக்கினால் சுமார் 4,366. நாலரை லிட்டர் பிரிவுக்குள் கச்சிதமாக உட்காருகிறது! கணக்குப் போட்டுச் செதுக்கிய அளவு அது.

பந்தயத்தின் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும் என்பதால், இன்ஜின் பிளாக்கைக் கனமான வார்ப்பிரும்பில் செய்தார்கள். ஆனால், ஷோரூமில் விற்ற காரில் அறிவிக்கப்பட்ட பலம் 280 குதிரைத்திறன்தான். காரணம், ‘280-க்கு மேல் வேண்டாம்’ என்று ஜப்பான் கார் கம்பெனிகள் தங்களுக்குள் வைத்திருந்த ஒப்பந்தம். அது 2004 வரை நீடித்தது. பலசாலியைக் கூப்பிட்டு, ‘பாதி மூட்டை தூக்கினால் போதும்’ என்று சொன்ன கதைதான்.

மீதிப் பாதி உள்ளே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதை முழுதாக வெளியே எடுக்கப் போய் உடைந்த இன்ஜின்கள் ஏராளம்.

பிரிக்கும் முன் கேட்க வேண்டும்

ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை நடந்துவிடும். சிலிண்டர்களில் காற்றை அழுத்தி, அது எங்கே கசிகிறது என்று காதால் கேட்பார்கள். சைலன்ஸர் பக்கம் ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சரியில்லை. காற்று உள்ளே வரும் வழியில் சத்தம் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் சத்தம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். எந்த ஊர் காருக்கும் பொருந்தும் பரிசோதனை இது.

பிரித்த பிறகு, ஒவ்வொரு பாகமும் ஒரு சாட்சி. கழற்றிய பேரிங்குகளை வரிசை மாறாமல் மேஜையில் அடுக்குவார்கள். சாம்பல் நிறம் மாறாமல் இருந்தால் நிம்மதி. செம்பு நிறம் எட்டிப்பார்த்தால், மேல்பூச்சு தேய்ந்துவிட்டது. அந்த இடத்துக்கு ஆயில் சரியாகப் போகவில்லை. பிஸ்டனின் விளிம்பில் மணலைக் கொட்டித் தேய்த்த மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தால், பெட்ரோல் நேரம் கெட்ட நேரத்தில் வெடித்திருக்கிறது. மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்பது இதைத்தான். டர்போ இன்ஜினின் முதல் எதிரி இதுவே.

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பாகங்களை மட்டும் மாற்றினால், பழைய வியாதி புது உடம்பிலும் வரும்.

தலைமுடி அளவில் தலையெழுத்து

முழு வேலையின் உயிர்நாடி, இடைவெளி. இன்ஜினுக்குள் சுற்றும் எந்தப் பாகமும் இன்னொன்றை நேரடியாகத் தொடக் கூடாது. நடுவே ஆயில் படலம் இருக்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே எவ்வளவு இடம்? ஷாஃப்ட்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பட்டறைகளில் பழக்கத்தில் உள்ள கணக்கு. ஆர்.பி.26-ல் முக்கிய பேரிங் உட்காரும் இடத்தில் விட்டம் சுமார் 55 மி.மீ. அப்படியென்றால் இடைவெளி 0.055 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு! கொஞ்சம் குறைந்தால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கூடினால் ஆயில் அழுத்தம் விழும்.

சிலிண்டரைத் தேய்த்துச் சீராக்கும்போது ஒரு விநோதம் உண்டு. வெறும் பிளாக்கில் அச்சு அசலாக வட்டமாக இருக்கும் சிலிண்டர், மேலே ஹெட்டை வைத்து போல்ட்டுகளை முறுக்கியதும் லேசாக நெளிந்துவிடும். அதனால், ஹெட்டுக்குப் பதிலாகக் கனமான ஓர் இரும்புத் தட்டை அதே இறுக்கத்தில் பூட்டி, இன்ஜினை ‘ஏமாற்றி’, அந்த நெளிந்த நிலையிலேயே தேய்ப்பார்கள். தட்டை எடுத்ததும் வட்டம் கோணும். நிஜ ஹெட்டை மாட்டியதும் மீண்டும் வட்டமாகிவிடும். இந்தத் தட்டு இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது, பிஸ்டன். ‘எங்கே ஓட்டப்போறீங்க?’ என்ற கேள்விக்கு அர்த்தம் புரிவது இங்கேதான். டர்போ இன்ஜின்களுக்குச் சம்மட்டி அடித்த மாதிரி அழுத்தி உருவாக்கும் ஃபோர்ஜ்டு பிஸ்டன்களைப் போடுவார்கள். அதில் பிரபலமான அலுமினியக் கலவைகள் இரண்டு. 2618 என்ற ரகத்தில் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லை. அடி தாங்கும், ஆனால், சூட்டில் அதிகம் விரியும். அதனால் சிலிண்டருக்குள் கூடுதல் இடம் விட்டுப் பூட்ட வேண்டும். விளைவு, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், சூடேறும் வரை ‘கடகட’வெனச் சத்தம். ஆயிலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

4032 என்ற ரகத்தில் சிலிக்கான் சுமார் 12 சதவிகிதம். குறைவாகவே விரியும். நெருக்கமாகப் பூட்டலாம். சத்தம் இருக்காது, தேய்மானமும் குறைவு. ஆனால், நாக்கிங் வந்தால் 2618 அளவுக்குத் தாங்காது. பந்தய இன்ஜினை ஒவ்வொரு சில பந்தயங்களுக்கும் ஒருமுறை பிரித்துப் பார்ப்பார்கள். அதற்கு 2618 சரி. தினமும் காலையில் கடைக்கும் ஆபீஸுக்கும் போகும் காருக்கு, மிதமான பலம் போதும் என்றால், 4032 போதும். விலை உயர்ந்த, பந்தயப் பெயர் போட்ட பாகம்தான் சிறந்தது என்ற எண்ணம் இந்த இடத்தில் தோற்றுப்போகிறது.

பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் சந்தும் அப்படித்தான். 86 மி.மீ சிலிண்டருக்குச் சுமார் 0.4 மி.மீ என்பது ரோட்டில் ஓடும் டர்போ காருக்கான கணக்கு. பலத்தை ஏற்ற ஏற்ற சூடு கூடும். சந்தையும் கூட்ட வேண்டும். ‘இறுக்கமா இருக்கட்டும்’ என்று குறைத்தால், சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனையே உடைத்துவிடும்.

ஆயில் எங்கே போகிறது?

ஆர்.பி.26-க்கு ஊரறிந்த பலவீனம் ஒன்று உண்டு. ஆயில் பம்ப்பைச் சுழற்றுவது கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை. ஆரம்ப கால ஆர்32 இன்ஜின்களில், பம்ப்பின் பல்சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும் பகுதி அகலம் குறைவு. இன்ஜினை அடிக்கடி உச்ச வேகத்தில் அலறவிட்டால், அதிர்வில் அந்தப் பல்சக்கரம் விரிசல் விட்டு உடையும். ஆயில் நின்றுபோன இன்ஜினுக்கு ஆயுள் சில நொடிகள்தான். பின்னாளில் நிஸானே அந்தப் பகுதியை அகலப்படுத்தியது. பழைய ஷாஃப்ட்டைப் பயன்படுத்துகிறவர்கள், அதன் முனையில் அகலமான வளையத்தைப் பொருத்தி, வலுவான பல்சக்கரத்தையும் போடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், மேலே போன ஆயில் கீழே இறங்கத் தாமதிப்பது. நீண்ட நேரம் உச்ச வேகத்தில் ஓடும்போது, ஆயில் ஹெட்டிலேயே தேங்கிவிடும். கீழே தொட்டி வறண்டுபோகும். ஹெட்டுக்குப் போகும் வழியைச் சின்னதாக்கி, திரும்பி வரும் வழியைப் பெரிதாக்குவதே இதற்கு வைத்தியம். இந்த இரண்டு வேலைகளும் ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டாது. போட்டோ எடுத்துப் போட்டாலும் யாரும் லைக் போட மாட்டார்கள். ஆனால், இன்ஜின் உயிரோடு இருப்பது இவற்றால்தான்.

பெரிய டர்போவா, சின்ன டர்போவா?

டர்போ என்பது புகைபோக்கியில் வீணாகும் வேகத்தைக் கொண்டு சுழலும் காற்றாடி. நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். பெரிய டர்போ அதிகக் காற்றைத் திணிக்கும். ஆனால், சுழன்று எழவே நேரமாகும். பந்தயத்தில் டிரைவர் எப்போதும் உச்ச வேகத்திலேயே இன்ஜினை வைத்திருப்பார், பிரச்னை இல்லை. சிக்னலில் நின்று கிளம்பும் காரில் அப்படியா? ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காத்திருக்க வேண்டும். பிறகு, எதிர்பாராத நேரத்தில் முதுகில் எட்டி உதைத்த மாதிரி பாயும். மழையில் நனைந்த வளைவில் அது ஆபத்து.

அதனால் ரோட்டுக்கு, சீக்கிரம் எழும் சின்ன டர்போக்களே நல்லது. ஆர்32-ல் கம்பெனி போட்ட டர்போக்களுக்குள் செராமிக் காற்றாடி. எடை குறைவு என்பதால் உடனே சுழலும். அழுத்தத்தைக் கூட்டினால் பீங்கான் மாதிரி நொறுங்கும். இன்ஜினைப் புதுப்பிக்கும்போது அதற்குப் பதில் உலோகக் காற்றாடி உள்ள டர்போவைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

முதல் ஸ்டார்ட்

எல்லாம் பூட்டியாயிற்று. உடனே சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் அழுத்தம் மீட்டரில் ஏறும் வரை இன்ஜினை வெறுமனே சுற்றவிட வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு மணிக்கணக்காக நின்ற இடத்தில் உறுமவிடுவதும் தவறு. மிதமாக வேகமெடுத்து, காலை எடுத்து, மீண்டும் வேகமெடுத்து ஓட்டினால்தான் ரிங்குகள் சிலிண்டரோடு சேரும். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். வடிந்த ஆயிலில் மின்னும் துகள்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பவர்தான் அக்கறையுள்ள மெக்கானிக்.

பிறகு கம்ப்யூட்டர் ட்யூனிங். சாதாரணமாக ஓடும்போது 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று. டர்போ முழுமூச்சில் ஊதும்போது காற்றை 12 கிராம் அளவுக்குக் குறைத்து, பெட்ரோலைத் தாராளமாகக் கொடுப்பார்கள். கூடுதல் பெட்ரோல் சிலிண்டரைக் குளிர்வித்து, நாக்கிங் வராமல் காக்கும். இங்கே கஞ்சத்தனம் செய்து எடுக்கும் கடைசி 20 குதிரைத்திறன்தான் பிஸ்டனைப் பொத்தலாக்குவது.

தெரிந்தே விட்டுவைத்த பலம்

2005-ல் நிஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோ, 30,000 கி.மீ-க்கும் குறைவாக ஓடிய பழைய ஆர்34 கார்களைத் தேடி வாங்கி, ‘இஸட் ட்யூன்’ என்ற பெயரில் புதிதாக்கி விற்றது. இன்ஜினை 2.8 லிட்டராக வளர்த்தார்கள். பலம், 500 குதிரைத்திறன். அந்த இன்ஜினை அணு அணுவாக அறிந்தவர்கள் அவர்கள். நினைத்திருந்தால் இன்னும் ஏற்றியிருக்கலாம். ஆனால், அந்த காரை வாங்குபவர் அதை வீட்டுக்கு ஓட்டிப் போக வேண்டுமே!

ஜப்பானில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ‘ஷாகென்’ என்ற கட்டாயப் பரிசோதனையில் ஒவ்வொரு காரும் தேற வேண்டும். சத்தம், புகை எல்லாம் அளப்பார்கள். டோக்கியோவின் ஷுடோ எக்ஸ்பிரஸ்வேயில் பல பகுதிகளில் வேக வரம்பு மணிக்கு 60 கி.மீ. அங்கே 1,000 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2017-ல் நிஸ்மோ, ஆர்32-க்கான உதிரி பாகங்களை மறுபடி விற்க ஆரம்பித்தது. ஆனாலும், உடைத்துவிட்டு ‘இன்னொண்ணு வாங்கிக்கலாம்’ என்று சொல்லும் காலம் போய்விட்டது. ஆசைப்பட்டுச் சிதறடிக்கும் ஒவ்வொரு இன்ஜினும், உலகத்தில் ஒன்று குறைகிறது என்பதுதான் கணக்கு.

குளிர்கால விடியல். அக்கம்பக்கம் தூங்கிக்கொண்டிருக்கிறது. சாவியைத் திருப்பியதும் கடகடப்பு இல்லாமல், முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. ஆயில் மீட்டரின் முள் உடனே எழுந்து நிற்கிறது. வேலை நன்றாக நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்றிதழ் வேண்டாம்.