விகாரமும் பயனும்

விகாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலர் முகஞ் சுளிப்பர். இலக்கணம் பயின்றோர் சுளியார். சொற்கள் புணருமிடத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்கள் நிகழும் என்பதை நன்னூல் கற்ற மாணவரெல்லாம் அறிவர். அது பழுதன்று; ஒன்றோடொன்று பொருந்துதற்கு வேண்டிய மாற்றமே.

இதனைப் பல்லாண்டு கற்பித்த நானே, சென்ற தவணையில் ஒரு மாணவனின் கட்டுரையைச் சிவப்பு மையால் நிரப்பினேன். அவன் எடுத்த பொருள் கிரபீன். காபன், இலத்திரன் முதலிய பிறமொழிச் சொற்கள் மலிந்திருந்தமையால், மொழித்தூய்மை பேணுக என்று குறித்துப் புள்ளியையும் குறைத்தேன். பின்னர் அமைதியாக வாசித்தபோதே என் பிழை விளங்கிற்று.

நம் நாட்டுச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கும் காரீயம், காபன் அணுக்களாலான ஏடுகள் அடுக்கிய சுவடி போன்றது. அதன் ஓர் ஏடே கிரபீன். அதனை ஒட்டுநாடாவினால் உரித்தெடுத்து 2004 இல் உலகுக்குக் காட்டியவர்கள் மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்து அந்திரே கெயிம், கொன்ஸ்தாந்தின் நோவோசெலோவ் என்போர். 2010 இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். அவ்வேட்டின் தடிப்பு ஓரணுவே. ஆதலின் அதன் அணுக்கள் யாவும் புறத்தே நிற்பன. வாயு மூலக்கூறு ஒன்று வந்து தீண்டினும் மின்கடத்தல் மாறும். இதனை அக்குழுவினர் 2007 இல் மெய்ப்பித்தனர்.

ஆயின், 2009 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் ஒரு புதுமை கண்டனர். செய்முறையின்போது ஏட்டின்மேல் எஞ்சிய பிசின் படலத்தை அகற்றித் தூய்மை செய்ததும், ஆவிகளை உணரும் ஆற்றல் மிகக் குறைந்துவிட்டது. அழுக்கென்று எண்ணியதே மூலக்கூறுகளைப் பற்றிக் கொடுத்திருந்தது!

ஆகவே உணர்கருவி செய்வோர் வேண்டுமென்றே விகாரஞ் செய்கின்றனர். ஒட்சிசன் கூட்டங்களை ஏட்டின்மேற் பிணைப்பது தோன்றல். காபன் அணுவின் இடத்தில் நைதரசன் அணுவை அமைப்பது திரிதல். அணுவொன்றை நீக்கி வெற்றிடம் விடுவது கெடுதல். அளவறிந்து செய்தலே அங்கு நுட்பம். ஒட்சிசன் மிதமிஞ்சினால் மின்கடத்தும் இயல்பே அழியும்.

மொழிக்கும் இதுவே நெறியெனத் துணிகிறேன். கண்டவாறு கலப்பதை நான் ஒருபோதும் ஒப்பேன். ஆயினும், காபன் என்னுஞ் சொல் தமிழெழுத்தில் அடங்கி, காபனை, காபனால் என வேற்றுமையுருபேற்று நடக்கின்றதே! திசைச்சொல்லுக்கு இடந்தந்த இலக்கணமன்றோ நம்முடையது? அதனை நாம் அடித்துவிட்டால் மாணவன் அச்சொல்லை விடான், தமிழை விடுவான். விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலும் பாட்டைத் தமிழிலும் எண்ணும் ஒரு தலைமுறையை நாமே ஆக்கியவர்களாவோம்.

மறுநாள் அவனை அழைத்துப் புள்ளியைத் திருத்தினேன். "கிரபீனேடு என்று சேர்த்து எழுதலாமா, ஐயா?" என்று கேட்டான். "தாராளமாக எழுது, விதிப்படி சரியே" என்றேன்.

ஆசிரிய நண்பர்களும் சிவப்பு மையைச் சற்றுச் சிக்கனமாகச் செலவிடுவார்களாக.