பினாங்கில் பசியாறுவோம்



விடுமுறைக் காலம் நெருங்கிவிட்டாலே நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும்: ‘கையில் இரண்டு நாள்தான் இருக்கிறது, எந்த ஊருக்குப் போகலாம்?’ என்னைக் கேட்டால் மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் என்பேன். ஒரே நிபந்தனை, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். எந்த வேளைக்கு எதைச் சாப்பிடுவது என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். பார்க்க வேண்டியதெல்லாம் ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் நடுவில் தானாக எதிர்ப்படும்.

பினாங்கு மலை ரயிலும் கெக் லோக் சி கோயிலும் நல்ல இடங்கள்தான். ஆனால் இரண்டும் பழைய நகரத்தைவிட்டுத் தள்ளி இருக்கின்றன. ஒவ்வொன்றும் அரை நாளை விழுங்கிவிடும். அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

காலையில் நம் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், பருப்புக் கறி, நுரைக்க ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் ஒன்று. மலேசியத் தமிழர்கள் ‘பசியாறியாச்சா?’ என்று விசாரிப்பார்கள். ஆறிவிட்டதென்றால் நடக்கத் தொடங்கலாம். வெயிலுக்குக் கவலையில்லை. பழைய கடைவீடுகளின் முன்புறம் நெடுகக் கூரையிட்ட நடைபாதை உண்டு, யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தி அடைத்து வைத்திராதவரை.

காப்பித்தான் கெலிங் மசூதித் தெருவிலிருந்து ஆரம்பியுங்கள். 1801-இல் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய அந்தப் பள்ளிவாசலிலிருந்து சில நிமிட நடையில் சீனர்களின் குவான் யின் கோயில், பக்கத்துத் தெருவில் 1833-இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில், மசூதித் தெரு முடிகிற இடத்தில் 1818-இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சூலியா தெருப் பக்கம் வந்தால் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து இந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை.

ஆர்மீனியன் தெருவில், சைக்கிள் ஓட்டும் குழந்தைகளை 2012-இல் ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் சுவரில் வரைந்தாரே, அங்கே படமெடுக்க வரிசை நிற்கும். நான் அந்த வரிசையில் நிற்கச் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் கடற்கரைப் பக்கம் போய், தண்ணீருக்குமேல் மரத்தூண்களில் நிற்கும் சீனக் குலத்தாரின் வீடுகளைப் பாருங்கள். இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சன்னலுக்குள் மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள்.

பகல் சாப்பாடு நாசி கண்டார். தோளில் காவடிக்கட்டை, ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புச் சட்டி என்று தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சுமந்து விற்ற சாப்பாடு. இன்று அதற்கு மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். வெள்ளைச் சோறு, அதன்மேல் நீங்கள் கைகாட்டும் கோழியோ கணவாயோ வெண்டைக்காயோ. விஷயம் அதற்கப்புறம்தான். பரிமாறுகிறவர் நான்கைந்து குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார். ‘பஞ்சிர்’ என்றால் சோறு மூழ்கும்வரை. சாம்பாரில் ரசம் கலந்தாலே முகம் சுளிக்கும் நமக்கு முதலில் திக்கென்றிருக்கும். எதில் எத்தனை கரண்டி என்பது அவர் கையில் இருக்கும் கணக்கு, குறுக்கே பேசாதீர்கள். பெரிய இறால், மீன்தலை என்றால் மட்டும் விலையை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்று, எந்தக் கடை சிறந்தது என்று இரண்டு பினாங்குக்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள். ஒருவரிடம் கேட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் ஒரு கிண்ணம் செண்டோல்: சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், கருப்பட்டிப் பாகு, பச்சை நிற மாவு இழைகள், சிவப்புப் பயறு. நின்றபடியே குடித்துவிட்டு நகரலாம்.

இரவு அங்காடிக் கடைகளுக்குத்தான். முதலில் மேசையைப் பிடியுங்கள்; பிறகு கடை கடையாகப் போய்ச் சொல்லிவிட்டு, மேசையைக் காட்டிவிட்டு வந்தால் தட்டு தேடி வரும், அப்போது காசு. அசாம் லக்சா கேளுங்கள். மீன் புளிக்குழம்பில் இடியாப்பத்தைப் போட்டு, புதினாவும் அன்னாசியும் தூவியது மாதிரி இருக்கும். இறால் விழுதின் வாடை முதல் வாயில் மிரட்டும், மூன்றாவது வாயில் பழகிவிடும். சார் குவே தியோ என்னும் தட்டை அரிசி நூடுல்ஸை நல்ல கைகள் தட்டுத் தட்டாகத்தான் வறுப்பார்கள், காத்திருக்க வேண்டும். அதில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பது உண்டு, ஆகாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். சைவ உணவுக்காரர்கள் பயப்பட வேண்டாம்: லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு இருக்கிறது, சீனர்களின் சைவ உணவுக் கடைகளும் நிறைய.

நம் வாசகர்களில் பலருக்கு இந்த ஊர் புதிதாக இருக்காது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு ரஜுலா கப்பல் பினாங்குக்குப் போய்வந்த காலத்தில், கடையநல்லூரிலும் ராமநாதபுரம் சீமையிலும் செட்டிநாட்டிலும் தாத்தாவோ பெரியப்பாவோ அங்கே கடை வைத்திருந்த வீடுகள் உண்டு. அப்படியொரு வீடு உங்களுடையதானால், பெட்டியின் அடியில் கிடக்கும் கடிதம், கப்பல் சீட்டு, படம் எதுவானாலும் நகலெடுத்து அனுப்புங்கள். அசலை அனுப்ப வேண்டாம். அடுத்த இதழில் அவற்றுக்கென்றே நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்