திருத்தாத படி



இதழ் அச்சுக்குப் போகும் இரவில் எங்களுக்கு எழுத்துப் பிழையைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. திருத்திய படி மேசையிலேயே தங்கிவிட, திருத்தாத படி அச்சேறிவிடுமோ என்பதுதான் அது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் அப்படி ஒன்று நடந்திருப்பதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

கவுண்டி என்பது மாவட்டம் மாதிரி. அங்கே சுமார் ஒரு கோடிப் பேர் வசிக்கிறார்கள். நிர்வாகம் 5 மேற்பார்வையாளர்கள் கையில். கவுண்டிக்கென்று ஒரு சாசனம் உண்டு. 1912-ல் மக்கள் ஓட்டுப்போட்டு ஏற்றது. அதில் கை வைக்க வேண்டுமென்றாலும் மக்களிடம்தான் வர வேண்டும்.

2020 நவம்பரில் 'மெஷர் ஜே' என்ற சாசனத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. கவுண்டியின் சொந்த வருவாயில் எந்தச் செலவுக்கும் கட்டுப்படாத பகுதியிலிருந்து 10 சதவீதமாவது சமூகப் பணிகளுக்கும் சிறைக்கு மாற்றான வழிகளுக்கும் போக வேண்டும் என்றது. மக்கள் ஏற்றார்கள். 2024 நவம்பரில் 'மெஷர் ஜி'. மேற்பார்வையாளர்கள் 9 பேராக வேண்டும், நிர்வாகத் தலைவரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும். இதுவும் குறுகிய வித்தியாசத்தில் வென்றது.

ஜே சொன்னது சாசனப் பிரதியில் ஏறவே இல்லை. ஜி-யோ, ஜே ஏறியிருக்க வேண்டிய பகுதியையே, ஜே இல்லாமல் புதிதாக எழுதியது. ஆகவே 2028-ல் அது நடைமுறைக்கு வரும்போது ஜே போய்விடும் என்று 2025-ல்தான் தெரிந்தது. கண்டுபிடித்தவர் ஜான் ஃபசானா, டுவார்ட்டே நகர மன்றத்தின் முன்னாள் உறுப்பினர். ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்ததால் வெளிப்பட்ட விஷயம்!

வாக்காளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாக்குச் சீட்டில் கேள்விக்கு அதிகபட்சம் 75 சொற்கள்தான் இடம். 2024-ல் அதிபர் தேர்தலோடு, மாநிலத்தின் 10 முன்மொழிவுகளும் அதே சீட்டில் இருந்தன. விவரம் வேண்டுமானால் வாக்காளர் கையேட்டைப் புரட்ட வேண்டும்: கவுண்டி வழக்கறிஞரின் விளக்கம், ஆதரவு வாதம், எதிர்ப்பு வாதம், முழு வாசகம். பொறுமையாக எல்லாவற்றையும் படித்தவருக்கும், ஜே நீங்கப்போகிறது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இரண்டுக்கும் 'ஆம்' போட்ட ஒருவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசையில் சீட்டை விரித்து, கையேட்டைப் பக்கத்தில் வைத்து, வட்டத்தைக் கவனமாக நிரப்பியிருப்பார். 2020-ல் தான் எழுதியதை அந்தப் பேனாவாலேயே அழிக்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்புடன்,
ஆசிரியர்