‘பூச்சிமருந்து’ என்னும் சொல்

கோடை முடியும் மே மாதத்தில், இடுக்கி மாவட்டத்து ஏலப்பாறையின் வீட்டுத் தோட்டங்களில் ஏலச்செடிகளின் அடியில் பூச்சரங்கள் மலரத் தொடங்கும். வெண்ணிற இதழில் ஊதாக் கோடுகள் ஓடும் இப்பூ விடியலில் விரிந்து ஒரே நாளில் வாடிவிடும். தன் மகரந்தத்தாலேயே கருவுறக்கூடியது எனினும், அதைச் சூல்முடியில் சேர்க்கத் தேனீ வந்தாக வேண்டும். அந்த ஒரு பகலில் தேனீ வரவில்லையெனில் பெரும்பாலும் காய் இல்லை.

பூ நாடி வரும் உயிர்களுக்குச் சுரும்பு, ஞிமிறு, தும்பி, வண்டு எனப் பல பெயர்களைச் சங்கத் தமிழ் வழங்கியது. இன்றைய வழக்கிலோ ‘பூச்சிமருந்து’ என்ற ஒரு சொல்லில் இரு பிழைகள் நேர்கின்றன: காய்க்க வைக்கும் தேனீயும் தண்டைத் துளைக்கும் புழுவும் ஒன்றாகிவிடுகின்றன, நஞ்சு மருந்தாகிவிடுகிறது. மருந்து என்று நம்புவதாலேயே, தேனீக்கள் மொய்க்கும் காலையிலும் அது தயக்கமின்றித் தெளிக்கப்படுகிறது. இழப்பு தேனீக்கு மட்டுமன்று, விளைச்சலுக்கும்தான்.

ஏலம் பூக்காத மாதங்களில் தேனீக்களுக்கு உணவளிப்பவற்றுள் முற்றத்துத் துளசியும் தும்பையும் அடங்கும். அவற்றையேனும் தெளிப்பிலிருந்து விலக்க வேண்டும். தெளித்தே தீர வேண்டிய இடத்தில், தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையே தக்கது. வேளாண் கையேடுகளும் கடைப் பலகைகளும் அதனை ‘பூச்சிநஞ்சு’ என்றே எழுதட்டும். பெயர் தெளிந்தால் கை தயங்கும்.